பழம்பல்லும் புதுக்கண்ணியும்: ஒரு புணரியல் ஆராய்ச்சி

தேய்ந்த சைக்கிள் செயின் நழுவும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆராய அதில் ஒன்றுமில்லை. தேய்ந்த செயினைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்துப் புதுச் செயின் மாட்டிய பிறகு, அதுவரை நழுவாத சைக்கிள் நழுவத் தொடங்குவது ஏன் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல். சைக்கிள் கடை பெஞ்சில் வாய்மொழியாக வழங்கிவரும் கருத்துகளையே முன்னாய்வுகளாகக் கொண்டோம்.

ஆய்வுக்களம், பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலை. பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான்; ஆனால் ரயில் நிலையம் கிடையாது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாகப் போகிறது. எனவே ரயிலைப் பார்க்க ஆசைப்படும் பெரம்பலூர்க்காரன் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போயாக வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்பார்க்கு, போகலாம். ஆய்வு நடக்காது என்பது விடை.

மாற்றத்தால் நழுவல் உண்டாகும் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச்சில் திரும்பப் பெரம்பலூரோடு போய்ச் சேர்ந்தது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது; அதன்பின் நழுவவில்லை. இந்த ஏழாண்டில் ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுத்தவர்களின் வாழ்வு தனி ஆய்வுக்கு உரியது.

பெஞ்சில் கேட்ட முதல் கொள்கை, தூசி. 'லாரி போற ரோடு சார், சுண்ணாம்புத் தூசி அரம் மாதிரி அராவிடும்' என்பர். இதை ஏற்பதற்கில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பழங்கடலின் வண்டல். அதிலுள்ள கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3. அது எஃகுப் பல்லை அராவாது. அராவுவது எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும் சாதாரணத் தெருமணல். குவார்ட்ஸின் கடினம் 7. சுண்ணாம்பை விடுதலை செய்கிறோம். அதே கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் காரை என்னும் ஊர்ப்பக்கத்து ஓடைகளில் கிடக்கின்றன. பல கோடி ஆண்டு கழித்தும் அவற்றின் வரிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். என் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ப்ரீவீலின் பற்களை எண்ண யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, 'செட் ஆயிடும்' கொள்கை. புதுச் செயின் மாட்டிய மறுநாளே நான் கடைக்குப் போய் நின்றபோது சொல்லப்பட்டது: 'புதுசு சார், ஒரு வாரம் ஓட்டுங்க, செட் ஆயிடும்.' ஒரு வாரம் ஓட்டினேன். சமதரையில் ஒன்றுமில்லை. கேரியரில் சின்ன வெங்காய மூட்டையை வைத்து, எழுந்து நின்று ஏற்றத்தில் மிதித்தால் 'டக்'. கால் வெறும் காற்றை மிதிக்கும். முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். செட் ஆனது முழங்கால்தான்.

இனி எம் கொள்கை. பவணந்தியார் நன்னூலில் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் புணர்வதைச் சொன்னார். இங்கே ப்ரீவீல் நிலைமொழி, செயின் வருமொழி. இரண்டும் புதிதாயின் இயல்புப் புணர்ச்சி. இரண்டும் பழையதாயினும் ஏறத்தாழ இயல்பே. இதைத்தான் யாரும் நம்புவதில்லை. பழம்பல்லோடு புதுக்கண்ணி புணருமிடத்தே விகாரம் வரும். பல் திரிந்திருக்கும், 'டக்' என்றோர் ஓசை தோன்றும், மிதித்த மிதி கெடும்.

திரிபு எங்ஙனம் நேர்கிறது? செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு ரப்பர்போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் தன் குழியில் தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடுகிறது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தால் பன்னிரண்டு அங்குலத்துக்குள் 24 கண்ணி அடங்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சினால் செயினை மட்டும் மாற்றிப் பிழைக்கலாம். எட்டில் ஒரு பங்கு மிஞ்சும்வரை ஓட்டியவன் பல்லையும் கெடுத்திருப்பான். நான் எட்டில் ஒரு பங்குக்காரன். நீண்ட செயின் தனக்கேற்றபடி பல்லை ஒருபக்கமாகக் கொக்கிபோலச் செதுக்கிக்கொள்கிறது. அங்கே ஒழுங்கான அளவோடு புதுச் செயின் வந்தால், பள்ளத்தில் உட்கார முடியாமல் சரிவில் ஏறி நிற்கும். அழுத்தி மிதித்தால் அடுத்த பல்லுக்குத் தாவும்.

எதிர்வாதங்களை விரைந்து மறுக்கலாம். தாவல் ஒழுங்கான இடைவெளியில் வருமாயின் குற்றம் ஒரே ஒரு இறுகிய கண்ணியுடையது: செயினில் 110 கண்ணியும் முன்பல் 44உம் என்றால் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை இடறும். செயின் பல்லில் அசையாதிருக்க, பெடல் மட்டும் வழுக்கினால், ப்ரீவீலுக்குள்ளே டிக்டிக்கென்று தட்டும் சின்ன நாக்குகள் தேய்ந்துவிட்டன. நடுவில் அரை அங்குலத்துக்குமேல் செயின் ஆடினால் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முறுக்கினால் போதும். என் சைக்கிளில் இவை ஒன்றும் இல்லை.

கொள்கையைச் சோதிக்க, கடையின் குப்பை டப்பாவிலிருந்து என் பழைய செயினையே எடுத்து மாட்டச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை ஆய்வு அறத்துக்கு அப்பாற்பட்டது. மாட்டினார். மூட்டையோடு அரியலூர்வரை ஒரு 'டக்' இல்லை. ரயிலையும் பார்த்தேன்.

மறுவாரம் ப்ரீவீலும் மாற்றினோம். அது சுலபத்தில் வரவில்லை. மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது. பள்ளத்தில் உளியை வைத்து, இடஞ்சுழியாகச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டியபின் 'க்ரீச்' என்று ஒரு நூல் அசைந்தது. புது ப்ரீவீல், புதுச் செயின். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தும் இயல்பாகவே புணர்ந்தன.

கழற்றிய பழைய செயினையும் பழைய ப்ரீவீலையும் கடைக்காரர் ஒரே காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். 'ரெண்டையும் பிரிச்சிடாதீங்க சார். சேர்ந்தே இருந்தா இன்னும் ஓடும்.'