அப்படியே தூக்கிப் போடுகிறவர்

"டெஸ்ட்ல எல்லாம் ஓகேதானே? அப்ப அப்படியே தூக்கி லைவ்ல போட்டுடறேன்."

கேட்பது அனுமதி மாதிரி இருக்கும். ஆனால் இதைச் சொல்லும் நேரத்தில், சோதனைத் தளத்தை வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தின் மேல் தூக்கிப் போட்டு முடித்திருப்பார். நாம் "சார், ஒரு நிமிஷம்" என்று டைப் அடிப்பதற்குள் வாட்ஸப் குரூப்பில் ராக்கெட் படம் வந்துவிடும். அதன் கீழே முதலாளியின் கட்டை விரல். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் நாம்தான் அபசகுனம்.

பாகம் பாகமாக எடுத்து வைப்பது அவருக்கு ஆகாது. தீம் மட்டும் மாறியிருக்கிறதா? முழுத் தளத்தையும் தூக்குவார். முகப்புப் பக்கத்தில் ஒரு பேனர் மாற வேண்டுமா? டேட்டாபேஸோடு தூக்குவார். "எதுக்கு சார் தனித்தனியா? ஒண்ணு விட்டுப் போச்சுன்னா?" என்பார். அவர் கையில் எதுவும் விட்டுப் போவதில்லை என்பது உண்மைதான். நாங்கள் சோதனைக்காகப் போட்ட 'டெஸ்ட் பொருள் 2, விலை ரூ. 1' கூட விட்டுப் போகாமல் கடைக்கு வந்து சேர்ந்தது. அதை ஐந்தாறு பேர் வாங்கியும் விட்டார்கள்.

2003-இல் வந்த வேர்ட்பிரஸில்தான் எங்கள் தளங்கள் ஓடுகின்றன. அது தன் முகவரியை டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. டெஸ்டைத் தூக்கி லைவில் வைத்தால், லைவ் தளம் தன்னை டெஸ்ட் என்றே நினைத்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் அங்கே திருப்பி அனுப்பும். இதற்கு அவரிடம் வைத்தியம் உண்டு. டேட்டாபேஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து, பழைய முகவரியைத் தேடி, புதியதை ஒரே அடியில் மாற்றிவிடுவார். சில இடங்களில் முகவரிக்கு முன்னால் அதன் நீளமும் எண்ணாக எழுதியிருக்கும். 28 எழுத்து முகவரி 23 ஆகச் சுருங்கும்; முன்னால் இருக்கும் 28 மட்டும் 28 ஆகவே நிற்கும். கணக்கு உதைத்தால் பிஹெச்பி அந்த வரியை ஏற்காது. விட்ஜெட் போகும், தீம் செட்டிங் போகும், ஸ்லைடர் இருந்த இடம் வெள்ளையாக இருக்கும். நீளத்தையும் சேர்த்துத் திருத்தித் தர டபிள்யூபி-சிஎல்ஐ இருக்கிறது, ஒரே கட்டளை. "அதெல்லாம் பெரிய சைட்டுக்கு சார். உங்க பக்கம் கேஷ், கன்ட்ரோல் எஃப்5 அடிங்க."

அடித்தோம். வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கேஷ் இல்லையென்றால் டிஎன்எஸ். "பரவறதுக்கு 24 மணி நேரம் ஆகும்" என்பார். டிஎன்எஸ்ஸில் அன்று யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்ற டிக். டெஸ்டில் அது இருக்க வேண்டும், லைவில் கூடாது. அவர் தூக்கும்போது அதுவும் கூடவே வரும். சில மாதம் கழித்து முதலாளி, "என்னப்பா, கூகுள்ல நம்ம கடை வரவே மாட்டேங்குது" என்று வருவார். நம்மவர் கொஞ்சமும் அசராமல், "கூகுள்காரன் அல்காரிதம் மாத்திட்டான் சார்" என்பார். முதலாளி கூகுள்காரனைத் திட்டிவிட்டுப் போவார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்குத் தளம் படுத்துவிட்டால் முதல் ரிங்கிலேயே போனை எடுப்பார். பின்னால் குழந்தை அழும். "பாத்துட்டே இருக்கேன் சார்" என்று குரல் தழையும். கிளையன்ட் கத்தினால் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வாரே தவிர, கீழே இருக்கும் பையன் பெயரைச் சொல்ல மாட்டார். அதனால்தான் யாரும் அவரிடம் எதையும் அழுத்திச் சொல்வதில்லை.

ஆனால் அந்த ஊறுகாய்க் கடை விஷயத்தை எப்படி விடுவது? டெஸ்டில் நாங்கள் தீமை மாற்றிக்கொண்டிருந்த வாரங்களில் லைவில் கடை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆர்டர் வந்தது, பணம் வந்தது. அவர் தூக்கிப் போட்டதில் அத்தனையும் காணோம். பந்தியில் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையோடு பாயைச் சுருட்டினால் எப்படி இருக்கும், அப்படி. விற்றுத் தீர்ந்த ஆவக்காய் மறுபடியும் கையிருப்பில் இருந்தது. ஆர்டர் எண்கள் பழைய இடத்திலிருந்து ஓட ஆரம்பித்ததால், ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவருக்குப் பூண்டு, ஒருவருக்கு நார்த்தங்காய்.

"பேக்கப் எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்பேனா சார்? டெஸ்ட் முழுசா எடுத்து வச்சிருக்கேன்."

"லைவ்?"

"அதைத்தான் மாத்தப் போறோமே, அது எதுக்கு?"

கோட் டெஸ்டிலிருந்து லைவுக்குப் போக வேண்டும். டேட்டா லைவிலிருந்து டெஸ்டுக்கு வர வேண்டும். இந்தத் தொழிலில் இதைவிடச் சின்ன விதி இல்லை. செட்டிங் மாறியிருந்தால் எழுதி வைத்து லைவில் கையால் மாற்றலாம். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்ததற்கு அவருக்கு 'சூப்பர் ஃபாஸ்ட்' என்று பெயர்.

காணாமல் போன ஆர்டர்களை மீட்டது கடையில் பில் போடும் பெண். ஆர்டர் வந்தபோது கடைக்கு வந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பேமென்ட் கேட்வே கணக்கோடு ஒப்பிட்டு, பெயர், முகவரி, எத்தனை பாட்டில் என்று எல்லாவற்றையும் கையாலேயே திரும்ப ஏற்றினார். டெஸ்ட் சர்வர் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். திட்டு வாங்கியதும் அவர்தான், போனை எடுத்தவர் அவர் என்பதால். அந்த வேலைக்கு ஓவர்டைம் இன்னும் வரவில்லை.