செத்துச் செத்து விளையாடுபவர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணிக்கு அரியலூர் பஸ்ஸுக்கு நின்றபோது நம்மாள் முகம் தொங்கிக் கிடந்தது. கண் வேறு சிவந்திருந்தது.

"என்னாச்சு தம்பி?"

"மாமனார் போயிட்டார்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதரை முந்தின நாள் சாயங்காலம்தான் துறைமங்கலம் டீக்கடையில் வடையும் கையுமாகப் பார்த்திருந்தேன். "எப்போ?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு, நாலாவது ஃப்ளோர்ல. கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய்க் காசு கட்டி எழுப்பச் சொன்னோம். சாம்பலாயிட்டார். இருந்த காசையெல்லாம் கொட்டி மறுபடி எழுப்பிப் பாத்தோம். இப்ப சாம்பலும் இல்ல."

"அடப்பாவமே. மச்சான் எப்படி இருக்கான்?"

"அவன் திருடன்ணே. எப்படியோ பொழச்சுக்கிட்டான்."

பஸ் பேரளியைத் தாண்டும்போதுதான் விஷயம் விளங்கியது. தவறியவர் கம்ப்யூட்டர் மாமனார். விளையாட்டின் பெயர் விசார்ட்ரி. 1981இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பேர் எழுதியது. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பத்து அடுக்குப் பாதாளத்தில் இறங்க வேண்டும். அடி வாங்குவது முன்வரிசை மூன்று பேர். பின்வரிசைக்காரர்கள் மந்திரம் சொல்லலாம். நம்மாள் ஆறு பேருக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்திருக்கிறார். மாமனார் பூசாரி, மச்சான் திருடன். இதில் உள்குத்து எதுவும் இல்லை என்று அவராகவே இரண்டு முறை சொன்னார்.

பழைய கேமில் இப்படிச் செத்துச் செத்து விளையாடும் ஆட்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது. நம்மாள் அரியலூரில் சிமென்ட் லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடை ஒன்றில் பில் போடுகிறார். இந்த வியாதி தொற்றியது 2011இல் அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது. பிளஸ் டூ முடித்த கையோடு ஒன்று வந்தது. புது கேம் எதைப் போட்டாலும் அதற்கு மூச்சிரைத்தது. 1980களின் கேமைப் போட்டால் பறந்தது. அடுத்த வருஷம் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லாத காலம். சம்பாதித்ததெல்லாம் எந்த நொடியும் அணைந்துபோகும் என்ற ஞானம் அப்போதே வந்துவிட்டது என்கிறார்.

ஆனால் சும்மா செத்தால் போதாது. சாவிலும் தரம் பார்ப்பார். அக்கா மகன் ஃப்ரீ ஃபயரில் செத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவுவதைப் பார்த்தால் சீரியல் அழுகையைப் பார்த்த மாதிரி உதட்டைச் சுழிப்பார். கஷ்டத்துக்குப் பேர்போன டார்க் சோல்ஸ் பற்றிக் கேட்டேன். "அதுல செத்தா எந்திரிச்சு நடக்கலாம்ணே. அது என்ன சாவு?" விசார்ட்ரியில் ஆள் செத்த சேதி உடனே பிளாப்பியில் ஏறிவிடும். அதற்குள் பிளாப்பியை வெடுக்கென்று பிடுங்கித் தப்பித்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. இந்தக் காலத்தில் பழைய கேமைப் புது மெஷினில் ஓட்டும்போது நினைத்த இடத்தில் நிறுத்திவைத்து, செத்தால் அங்கிருந்தே தொடரும் வசதி இருக்கிறது. அதை அவர் பிட்டு அடிப்பது என்கிறார்.

இந்தப் பாதாளத்துக்கு மேப் கிடையாது. நாமே வரைய வேண்டும். ஓர் அடுக்குக்கு இருபதுக்கு இருபது கட்டம். அதற்காக ஒரு கிராஃப் நோட்டு. அந்த நோட்டு ஒருநாள் நிஜ மாமனார் கையில் சிக்கியது. மாப்பிள்ளை ரகசியமாக வீட்டுக்கு பிளான் போடுகிறார் என்று பூரித்துப்போய், கொத்தனாரையே கையோடு கூட்டி வந்துவிட்டார்.

கொத்தனார் நோட்டை நான்கு பக்கமும் திருப்பினார். "தம்பி, இங்க குழின்னு போட்டிருக்கே, செப்டிக் டேங்கா? அது ஏன் நடுக்கூடத்துல வருது?"

"அது வந்து..."

"இந்த மூலை பூரா கருப்படிச்சிருக்கு. ஸ்டோர் ரூமா?"

"இருட்டுண்ணே. அங்க ஒண்ணும் தெரியாது."

"ஜன்னல் வச்சிரலாம். இது என்ன, 'கால் வச்சா ஆளே சுத்திருவோம்'னு எழுதியிருக்கு?"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் சரி மாப்ள, உள்ள போனா வெளிய வர ஒரே வழிதான் இருக்கு."

"அதுவும் நிச்சயமில்ல மாமா."

கொத்தனார் டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

இதைவிடப் பெரிய கலவரம் நெட்ஹேக்கால் வந்தது. 1987இல் வெளிவந்த ஆட்டம். வெறும் எழுத்தும் புள்ளியும்தான் திரையில் நகரும். அதில் வாளால்தான் சாக வேண்டும் என்றில்லை. சுவரை உதைத்தும் சாகலாம். நம்மாள் வயிறு முட்டிய பிறகும் தின்று, விக்கிச் செத்தார். செத்தால் நம் பெயரும் செத்த காரணமும் போட்ட ஒரு கல்லறை திரையில் வரும். அதை அழகாக இருக்கிறதென்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஜெயங்கொண்டத்துப் பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது; பேரன் வாசித்துச் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தவர் இவரேதான். உயிரோடு இருந்ததற்கு அன்று வாங்கிய திட்டை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

ஏன் தம்பி இந்த வேதனை என்று கேட்டேன். லாரி சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "லோடுல நூறு கிலோ கொறஞ்சா டிரைவர் என்னைச் சொல்றான், நான் மெஷினைச் சொல்றேன், ஆபீஸ் எங்க ரெண்டு பேரையும் சொல்லுது. யாரு தப்புன்னு கடைசிவரைக்கும் தெரியாது. இங்க அப்படி இல்லண்ணே. பூசாரியை முன்வரிசையில நிறுத்துனேன், போயிட்டார். என் தப்பு. கணக்கு நேர்."

பகடை உருளுகிற ஆட்டத்தில் கணக்கு எப்படி நேராகும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதத்தில் உச்சிப் பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு வந்த என் பாட்டி, முகம் மலர்ந்து மறுபடி தாயம் உருட்டியதைப் பார்த்தவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

ஊரும் அவருக்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. அரியலூர் 2001இல் மாவட்டமானது, 2002இல் திரும்பப் பெரம்பலூரில் கரைந்தது, 2007இல் மறுபடி எழுந்தது. "கோயில்ல காசு கட்டியிருக்காங்கண்ணே. சாம்பலாகாமத் தப்பிச்சது" என்பார்.

போன மாதம் குடும்பத்தோடு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். இந்தப் பக்கமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல். சுருள் சுருளாக அம்மோனைட்டுகள் கல்லுக்குள் பதிந்து கிடந்தன. விசார்ட்ரியில் இடம்விட்டு இடம் தாவும் மந்திரம் ஒன்று உண்டு. இலக்கத்தைத் தப்பாகக் கொடுத்தால் மொத்தக் கூட்டமும் பாறைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். நம்மாள் ஒரு கல்லுக்கு முன்னால் நின்று, "பாவம், நம்பர் மாத்திப் போட்டுட்டாங்க" என்றார் நிஜமான துக்கத்தோடு.

அடுத்த அறையில் வெளிச்சம் கம்மி. மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போகப் பார்த்தார். நம்மாள் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"மாமா, நீங்க முன்னாடி போக வேணாம். பின்னாடி வாங்க."

"ஏன் மாப்ள?"

"வாங்க, சொல்றேன். டேய் மச்சான், நீ முன்னாடி போ."