பானெட்டை அமுக்கும் பெருமக்கள்

எழுதுபவரின் பழைய காரில் முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிகிறது என்று சென்ற வாரம் மெக்கானிக் கண்டுபிடித்தார். ஒன்றில்தான். ஆனால் அவர் நீட்டிய மதிப்பீட்டுத் தாளில் ஷாக் இரண்டு, மவுண்ட் இரண்டு, லிங்க் ராடு இரண்டு, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், லேபர், அலைன்மென்ட் என்று ஒரு சீர்வரிசையே இருந்தது. "ஒண்ணு போனா ஒண்ணு மாத்தினா போதாதாண்ணே?" என்று வண்டிக்காரர் கேட்டார். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனைப் பார்த்துச் சிரித்தார். பையனும் சிரித்தான்.

அந்த எரிச்சலில்தான் இந்தக் கட்டுரை. ஷாக்கை ஏன் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதை விளக்குவது இதன் நோக்கம். அதற்கு முன், அமுக்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

"ஷாக் போயிருக்குமோ?" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், எங்கிருந்தோ ஒருவர் வந்து பானெட்டின் மூலையில் இரு கைகளையும் ஊன்றி அமுக்குவார். கீழ்வீட்டு சார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று முறை அமுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டு, "லோன் எவ்வளவு பாக்கி?" என்பார். இஸ்திரிக்காரர் ஒற்றைக் கையால்தான் அமுக்குவார்; மற்றக் கையில் டீ. மைத்துனர் வீடியோ பார்த்துத் தேறியவர், ஆகவே அமுக்கிவிட்டு 'ரீபவுண்ட்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். ஊரிலிருந்து வந்த பெரிய மாமா அமுக்குவதில்லை, நேராக ஏறி உட்கார்ந்துவிடுவார். சிலிண்டர் போட வந்தவர் அமுக்கினார். அவர் அமுக்கியதில் பக்கத்து வண்டியின் அலாரம் அடித்தது. அந்த வண்டிக்காரர் இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும், அவரும் அமுக்கினார். தீர்ப்பு மட்டும் எப்போதும் இரண்டே வகை. ஒன்று, "சுத்தமா போச்சு சார்." மற்றது, "இன்னும் ஒரு வருஷம் ஓடும்." இரண்டையும் ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் சொல்வதும் உண்டு.

சோதனை பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். அமுக்கிவிட்டால் வண்டி மேலே எழும்பி உடனே அடங்க வேண்டும். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பாதி செத்த ஷாக் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். நிற்கும் வண்டியைக் கையால் அமுக்குவது வேறு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்குவது வேறு.

பள்ளத்தின் அடியை வாங்குவது உண்மையில் ஸ்பிரிங். வாங்கிய பிறகு ஸ்பிரிங் சும்மா இருக்காது, ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், எண்ணெய், சிறு துளைகள். எண்ணெய் அந்தத் துளைகளில் நெருக்கிப் பிதுங்கும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறுகிறது. சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும், ஆட்டம் அடங்காது, சக்கரம் ரோட்டை விட்டு விட்டுத் தொடும். டயர் திட்டுத் திட்டாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். பைக்கில் இன்னும் மோசம்: முன் ஃபோர்க்கில் சீல் போனால் எண்ணெய் வழிந்து டிஸ்க் பிரேக் வரை இறங்கிவிடலாம்.

இதெல்லாம் மெல்ல மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. 'நம்ம வண்டி இப்படித்தான்' என்று பழகிவிடுகிறார். பின்சீட்டில் இருப்பவர்கள்தான் அவ்வப்போது 'அம்மா' என்பார்கள்.

ஜோடி விஷயத்துக்கு வருவோம். ஆனால் ஷாக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வேகத்தடைக்கு அளவு வகுத்தது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் கடக்கும் வளைவு. எழுதுபவரின் தெருவில் இருப்பது, ஒருவர் மாடி கட்டியபோது மிஞ்சிய கான்கிரீட். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. இருட்டில் அதன் மேல் ஏறி இறங்கிய பிறகுதான் அது இருப்பதே தெரியும். கேட்டால், "குழந்தைங்க விளையாடற இடம் சார்" என்கிறார். அவர் வீட்டுக் குழந்தைகள் இரண்டும் கல்லூரியில் படிக்கின்றன.

பில் கட்டியாகிவிட்டது. முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரக் கோணம் மாறக்கூடும், அதனால் அலைன்மென்ட் பார்த்தது நியாயம்தான் என்று மனம் வராமல் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜோடிக் கணக்கை விளக்க இடம் போதவில்லை.

அமுக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை தயவுசெய்து குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். பானெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒடுக்கு விழுந்தால் டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் தனிப் பில்.