இறால் மேல் ஏன் பழி?

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் நடந்தது. போன மாதம் குடல் அடைபட்டு வார்ட்டில் கிடந்தேன். புண்ணுக்கு ஆகாத கிரந்தி என்று சொல்லியும் கேளாமல் இறால் தின்றதுதான் காரணம் என்கிறா அம்மம்மா. உண்மையா?
(வாசகர் ஒருவர், கொக்கட்டிச்சோலை)

பதில்: வாவி இறாலுக்கு வலையும் சட்டியும் போதும், இந்தப் பழி வேண்டாம். உங்கள் குடலை மடக்கியது வயிற்றுக்குள் விழுந்த தழும்புதான். ஈரமான மெல்லிய சவ்வு போர்த்தியிருப்பதால் குடல் மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடுகின்றன. கத்தியோ சீழோ பட்டுச் சவ்வு புண்ணானால் அங்கே பிசின் போல ஒன்று கசியும். சில நாளில் அது கரையாவிட்டால் நாராக இறுகி, மடிப்பை இழுத்துக் கட்டிவிடும். இதைத்தான் ஒட்டு என்பது. சுவீடனில் 1964 முதல் 1993 வரை குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அகற்றிய 245,400 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். அடைப்புக்காகத் திரும்பவும் வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் நான்கு வாரத்தில் 0.41 வீதம், முப்பது வருடத்தில் 1.3 வீதம். ஆயிரத்துக்குப் பதின்மூன்று பேர். சுவீடன்காரருக்குக் கிரந்திப் பத்தியமே தெரியாது, அம்மம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனாலும் அவவின் பேச்சில் ஒரு துளி நியாயம் உண்டு. ஏற்கனவே ஒடுங்கிய குடலில் சரியாக மெல்லாத பனங்கிழங்குத் தும்பு போய்ச் சிக்கலாம். அடைப்பு விட்ட புதிதில் தும்புச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் குடல்வாலை வெட்டாமலே விட்டிருக்கலாமே என்பீர்கள். வெட்டவேண்டிய நேரத்தில் பயந்து பிந்தினால் அது வெடித்துச் சீழ் பரவும், ஒட்டும் கூடும். வெடித்தபின் வெட்டியவர்களுக்கே அடைப்பு அதிகம் வந்ததை அதே சுவீடன் கணக்கும் காட்டுகிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லப்பிரஸ்கோப்பியில் ஒட்டு குறையும், அறவே இல்லாமல் போகாது. வார்ட்டில் வாய்க்கு ஒன்றும் தராமல், மூக்கால் குழாய் விட்டு, சேலைன் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனமில்லை என்று நினைக்கவேண்டாம். பலருக்கு அதிலேயே அடைப்பு விட்டுவிடும். திரும்ப வெட்டினால் புது ஒட்டு உண்டாகலாம் என்பதால்தான் அந்தப் பொறுமை. குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ பொறுக்கமுடியாது, சில மணித்தியாலத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

ஆகவே அஞ்சவேண்டியது தாமதத்துக்கு. வயிறு ஊதியதும் பேதிக்குக் கொடுத்தால் அடைபட்ட குடலை முட்டித் தள்ளச் சொல்வதாகிவிடும், அது ஆபத்து. உங்கள் படுவான்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக, வாவியைக் கடக்க முன்பு பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் உங்களுக்கு அந்தத் தடையும் இல்லை. விட்டு விட்டு வயிறு முறுக்கி, பச்சையாகச் சத்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் எதுவும் குடிக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. பழைய ஒப்பரேஷன் கார்ட்டை மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.