வீட்டு ஹன்சாட்

மட்டக்களப்புக் கல்லடியில் ஐந்து வயதுப் பொடியன் ஒருவன், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அச்சிலேறாத சொல்லொன்றை உதிர்த்தான். வாயில் மிளகாய் தேய்க்கலாம் என்றார் அம்மம்மா. வேண்டாம், 2018 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே மிளகாய்த்தூள் எறிந்து பார்த்தாயிற்று. எவர் வாயும் திருந்தவில்லை.

மட்டக்களப்புக்கு வசவில் மரபும் உண்டு. கண்ணகி அம்மனுக்காகக் கொம்புகளைக் கொளுவி இழுத்த வடசேரி, தென்சேரி என்ற இரு கட்சிகளும் ஒன்றையொன்று பாட்டாகவே வைதன. ஆகவே எதுகை மோனை இல்லாத வசவை மட்டும் தண்டிப்பதே நியாயம்.

அம்மா சபாநாயகர் வழியில் போனார். அகப்பையைத் தட்டி, அந்தச் சொல்லை ஹன்சாட்டிலிருந்து நீக்கினார். சொன்னது சொல்லாததாயிற்று.

“ஆரிட்டடா படிச்ச?”

“பாலத்தில அப்பா ஓட்டோக்காரருக்குச் சொன்னது.”

இந்தப் பதிலையும் நீக்கும்படி அப்பா ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்.