நிதானம்: 14.10 முதல் 14.35 வரை

"இந்த வாட்டி ரொம்ப நிதானமாப் போறோம்" என்று அவர் சொன்னதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன வாட்டியும் நிதானமாகத்தான் போனோம். திரும்பி வந்து மூன்று நாள் லீவு போட்டுப் படுத்துக் கிடந்தேன்.

அவரை அட்டவணையார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பத்துத் தமிழ்க் குடும்பம் சேர்ந்து பொங்கல் வைக்கும் எந்த ஊரிலும் இந்த வகையில் ஒருவராவது இருப்பார். பாயசத்துக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து, "சம்மருக்கு என்ன பிளான்?" என்று கேட்பவர் அவர்தான். ஜனவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். "இன்னும் யோசிக்கல" என்று நீங்கள் சொன்னால், முப்பத்தெட்டு வயதாகியும் பெண் அமையாத பையனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்.

எங்கள் அட்டவணையாருக்கு வால்டோர்ஃப் பக்கம் மென்பொருள் வேலை. கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பது விசாக் கணக்கு. அதில் 83 நாள் பெரியவர்கள் பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பூனையைப் பார்க்கலாம். மீதி 7 நாளில் ஜெர்மன் பேசும் பூமி முழுவதையும் பார்த்துவிட வேண்டும்: கருங்காடு, போடன்சே ஏரி, சுவிட்சர்லாந்து, லீக்டென்ஸ்டைன், ஆஸ்திரியா, நேரம் இருந்தால், இத்தாலிக்குள் இருந்துகொண்டே ஜெர்மன் பேசும் தென் டைரோல். 'நேரம் இருந்தால்' என்பதற்கும் தன் பயண ஷீட்டில் நேரம் ஒதுக்கியிருந்தார்.

வண்டியில் அவர், அவர் மனைவி, பெரியவர்கள் இருவர், நான். நான் எதற்கு என்றால், காப்பீட்டுப் படிவத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவருக்குக் காலிக் கட்டம் ஆகாது.

ஷீட் ஆறு வாரம் முன்பே வந்துவிட்டது. பெயர் 'நிதானப் பயணம் - இறுதி'. நாலு நாள் கழித்து 'இறுதி 2'. பிறகு 'உண்மையான இறுதி'. புறப்படும் முதல் நாள் இரவு வந்தது, 'உண்மையான இறுதி - அம்மா மாத்திரை நேரம் சேர்த்தது'. பச்சைக் கட்டங்கள் எல்லாம் ஓய்வு. இரண்டாம் நாளுக்கு எதிரே இப்படி இருந்தது: '14.10 - 14.35: ஏரிக்கரையில் சும்மா இருத்தல்'. அடுத்த கட்டத்தில், 'பஃபர் 5 நிமிடம்'. சும்மா இருப்பது தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்திருக்கிறார் மனிதர். சும்மா இருக்கும் நிலையை எட்ட ஆயுள் பூராவும் தவம் கிடந்தவர்கள் பிறந்த மண்ணிலிருந்து வந்தவர், அதை 25 நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஐஸ்கிரீமுக்குப் போகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குப் புறப்பட்டோம். பத்து நிமிடத்தில் முதல் நிறுத்தம், பக்கத்து ஊரான வீஸ்லோக். அங்கே ஒரு மருந்துக்கடை. பெரியவருக்கு ஏதோ மாத்திரை வாங்கத்தான் என்று நினைத்தேன். இல்லை, சரித்திரமாம். 12 நிமிடம்.

சரித்திரம் நிஜமாகவே நல்ல சரித்திரம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவருக்குச் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, 15 வயதிலும் 13 வயதிலும் இருந்த இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். தாய் வீட்டுக்கு. கோபித்துக்கொண்டு அல்ல, வண்டி ஓடும் என்று ஊருக்குக் காட்ட. ஏறக்குறைய 106 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்துபோக, இந்த வீஸ்லோக் மருந்துக்கடையில் துணிக்கறை போக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் இதுதான் என்று அந்த ஊர் இன்றும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை பழுதானபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். பவுஷ்லொட்டில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து பிரேக் கட்டைக்குத் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது சாயும் நேரம் தாய் வீடு போய்ச் சேர்ந்து, கணவருக்கு ஒரு தந்தி.

இவ்வளவையும் வாசித்துக் காட்டிவிட்டு அட்டவணையார் மணி பார்த்தார். பெரியவர் கேட்டார்: "அந்தம்மா பிளான் போட்டுக்கிட்டா போனாங்க?"

"அப்பா, 12 நிமிஷம் ஆச்சு. ஏறுங்க."

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த வகைக்கு ஜெர்மன் மண்ணிலேயே ஒரு குலமுதல்வர் உண்டு: கோப்லென்ஸில் புத்தகக் கடை வைத்திருந்து, 19ஆம் நூற்றாண்டில் பயணக் கையேடுகள் போட்டே பெயர் வாங்கிய கார்ல் பெடேக்கர். மிலான் பேராலயத்தின் உச்சிக்கு ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணி என்று ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டே ஏறினாராம். படிக்கணக்கு பிசகக்கூடாதே! இந்தக் கதையைச் சொல்லும்போது அட்டவணையாரின் குரல் தழுதழுக்கும்.

நாடும் இவரைப் போன்றவர்களுக்கு அநியாயத்துக்கு ஒத்துழைக்கிறது. நீல அட்டைக் கடிகாரத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பல இடங்களில் காரை நிறுத்தினால், வந்த நேரத்தைக் காட்ட ஓர் அட்டைக் கடிகாரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஆனால் முள்ளை வந்த நிமிடத்தில் வைக்கக்கூடாது; அதற்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் வைக்க வேண்டும் என்பது விதி. 10.29க்கு வந்தவர் 10.30 என்று வைப்பார். 10.31க்கு வந்தவர் 11.00 என்று வைக்கலாம். இரண்டு நிமிடம் பிந்தி வந்தவருக்கு அரைமணி லாபம். சாதாரண மனிதர்கள் இதைப் படித்துவிட்டு மறந்துபோவார்கள். நாங்கள் கருங்காட்டில் ஒரு சின்ன ஊருக்கு 10.26க்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். அட்டவணையார் வண்டியை நிறுத்தவில்லை. ஊர் நடுவில் இருந்த தேவாலயத்தைச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்றில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாவது சுற்றிலும் போட்டுக்கொண்டார். மூன்றாவது முடிந்ததும், "மூணு சுத்து ஆயிடுச்சுப்பா, போதும்" என்றார். 10.31க்கு நிறுத்தினோம். கிடைத்த அரைமணியை என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. 11.05க்கு ஷீட் கிளம்பச் சொன்னது.

ஏரிக்கு வந்தோம். மேர்ஸ்பூர்க் துறையில் 14.10க்கு எல்லாரையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "இப்ப ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றார். எதிரே கொன்ஸ்டான்ஸ். வெயில் ஏரியில் பட்டுக் கண் கூசியது. அம்மா பத்து நிமிடம் தயங்கித் தயங்கி, செருப்பைக் கழற்றி, புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தார். முகம் அப்படியே மலர்ந்தது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் ரிலாக்ஸ் பண்ணலாம்மா" என்றார்.

இத்தனைக்கும் அங்கே காரோடு ஏறும் படகு இரவு பகல் ஓயாமல் ஓடுகிறது. கால்மணியில் அக்கரை. முன்பதிவு எல்லாம் இல்லை. "இதைவிட்டா அடுத்ததுல போறது" என்றார் பெரியவர்.

"அடுத்தது ஷீட்ல இல்லப்பா."

சுவிட்சர்லாந்தில் வேறு ஒரு துயரம். அங்கே நெடுஞ்சாலையில் ஓட்ட 40 பிராங்குக்கு வில்லை வாங்க வேண்டும். ஒரு நாள் வில்லை, ஒரு வார வில்லை என்று எதுவும் கிடையாது. ஒன்றரை நாள் ஓட்டினாலும் வருஷக் கட்டணம்தான். இரவு விடுதியில் அவர் தூங்கவில்லை. கால்குலேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் தெளிந்த முகத்துடன் வந்தார். வில்லை அடுத்த ஜனவரி 31 வரை செல்லும். அதற்குள் இன்னும் இரண்டு முறை சுவிட்சர்லாந்துக்கு வந்துவிட்டால் ஒரு நடைக்கு 13 பிராங்கு சில்லறைதான். ஷீட்டில் இரண்டு புதிய பக்கங்கள் முளைத்திருந்தன. இரண்டிலும் இரண்டாவது ஓட்டுநர் நான்.

லீக்டென்ஸ்டைனுக்கு 55 நிமிடம். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர், நம்மூர்த் தாலுகா ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அது ஒரு நாடு. தலைநகர் வாடுஸில் காசு கொடுத்தால் ஞாபகார்த்தமாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தருவார்கள். வரிசையில் 40 நிமிடம் நின்றோம். ஆக, அந்த நாட்டில் நான் கண்டது முன்னால் நின்றவரின் முதுகுப்பை.

அன்று இரவு பெரியவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "கும்பகோணத்துல வேன்காரன் ஒன்பது கிரகத்தையும் ஒரே நாள்ல காட்டி, ராத்திரி டிபனுக்கு வீட்ல கொண்டாந்து விட்டுடுவான். ஆனா அவன் அதை ரிலாக்ஸுன்னு சொல்ல மாட்டான் தம்பி. அந்த நேர்மை உண்டு."

சனிக்கிழமை ஆஸ்திரியாவில் ஃபெர்ன்பாஸ் கணவாய்க்கு முன்னால் போக்குவரத்து உறைந்து நின்றது. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் பள்ளி விடுமுறை மாறும். பவேரியாவுக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்குக்கும் கடைசியில் வரும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெரிந்து என்ன செய்ய, அவருடைய விடுமுறையும் அப்போதுதான். இரண்டே கால் மணி நேரம் நின்றோம். தென் டைரோல் அந்த இடத்தில் உயிரை விட்டது. அவர் ஒன்றும் பேசாமல் அந்த வரிகளைச் சாம்பல் நிறமாக்கினார். பஃபரை மட்டும் அழிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. இத்தாலிக்கு ஒதுக்கிய 20 நிமிட பஃபர் ஷீட்டில் அனாதையாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை.

"கோட்டைக்கு ஏண்டா நாய்னு பேர் வெச்சான்?"

"நாய்னா புதுசுன்னு அர்த்தம்பா."

பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1869இல் கட்ட ஆரம்பித்த கனவு மாளிகை. உள்ளே போக நிமிடம் குறித்த சீட்டு. பிந்தினால் சீட்டு செல்லாது. அடிவாரத்திலிருந்து மேலே நடக்க 40 நிமிடமாவது ஆகும். அட்டவணையாருக்கு இது சொர்க்கம். தன்னைப் புரிந்துகொண்ட ஓர் இடம். சரியாக நாலு நிமிடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அதற்கும் அந்த நாலு நிமிடம்தான். உள்ளே அரைமணிச் சுற்று. அந்த மன்னர் அங்கே மொத்தம் தங்கியதே 172 நாள்தானாம். 1886இல் ஏரியில் பிணமாகக் கிடந்தார். ஏழே வாரத்தில் சீட்டுக் கிழித்து ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். பெரியவர் வெளியே வந்து திண்ணைபோல் இருந்த ஒரு கல்லில் உட்கார்ந்தார். "கட்டினவனே ஆறு மாசம் முழுசா இருக்கல. நமக்கு அரைமணி கெடச்சதே பெருசு" என்றார்.

கடைசி நாள் திங்கள்கிழமை, ஆல்கோய் மலைப்பக்கமாக வீடு திரும்பல். மதிய உணவுக்கு ஒரு கிராமத்து விடுதி. ஜெர்மனியில் கிராமத்து உணவு விடுதிகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு நாள். பல இடங்களில் அது திங்கள். ஷீட்டில் அதற்குத் தனி வரிசையே உண்டு. இந்த விடுதிக்குச் செவ்வாய் என்று பார்த்து வைத்திருந்தார். 13.15க்குப் போய் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் கையால் எழுதிய தாள் ஒன்று.

"என்னடா எழுதியிருக்கு?"

"ஹோட்டல்காரங்க லீவுல போயிருக்காங்களாம்பா. ரெண்டு வாரம்."

"ஆகஸ்டுலயா? கூட்டம் வர்ற நேரத்துலயா?"

"ஆமா."

பெரியவர் அந்தத் தாளை, படிக்கத் தெரிந்தவர்போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன்தாண்டா நிதானம்" என்றார்.

அடுத்த ஊர் விடுதியில் 14.00க்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஓட்டுகிற வேகத்தில் போனால் 14.04. நெடுஞ்சாலை உணவகம் ஷீட்டிலேயே இல்லை. அட்டவணையார் கைப்பேசியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அவர் மனைவி எதையும் பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து ஒரு தூக்கை வெளியே எடுத்தார். முதல் நாளிரவு விடுதி அறையில் குக்கரை மறைத்து வைத்துப் பண்ணிய புளிச்சாதம். வாசலில் ஒரு பெஞ்சு, மேலே ஒரு வாதுமை மரம். எங்கோ மாட்டு மணி. பெரியவர் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் கால் நீட்டினார்; யாரும் நேரம் சொல்லவில்லை. நேரம் சொல்லவேண்டியவர் மரத்தில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

விழித்ததும் திடுக்கிட்டு, "எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்றார்.

"நாப்பது நிமிஷம்" என்றேன்.

"நல்லா இருந்துச்சு" என்றார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு. அதற்குப் பின் வீடு வரும்வரை மணி பார்க்கவே இல்லை. மனிதர் மாறிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஜனவரியில் பொங்கல். பாயச வரிசையில் பக்கத்தில் வந்தார். "இந்த வாட்டி இன்னும் நிதானம்" என்று கைப்பேசியை நீட்டினார். ஏழாம் நாளில் ஒரு புதிய பச்சைக் கட்டம்: '13.15 - 14.30: மூடிய விடுதி வாசல். புளிச்சாதம். தூக்கம் 40 நிமிடம் (பஃபர் 10)'.

"திறந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதான் மெயில் போட்டுக் கேட்டுட்டேனே, இந்த வருஷமும் அதே தேதியில மூடியிருப்பீங்களான்னு."

விடுதிக்காரர் அன்றைக்கே பதில் எழுதியிருந்தார், மிகுந்த மரியாதையுடன். ஆமாம், மூடியிருக்கும், தேதிகளை உறுதி செய்கிறோம். பெஞ்சுக்கு முன்பதிவு தேவையில்லை.