களவு போன ரோசனை

ஏங்கண்ணு, மூஞ்சிய எதுக்கு இப்பிடித் தூக்கி வெச்சிருக்கறே? உங்கம்மா எல்லாஞ் சொன்னா. நீ சொன்ன ரோசனைய உன்ர கைடு சீனியர் பையன் பேருல பேப்பராப் போட்டுட்டாரு. உன்ர பேரு நாலாவதா எங்கியோ ஓரத்துல கெடக்குது. அவ்வளவுதானே? அதுக்குப் போயி பிஎச்.டி.யே வேண்டாம், ஊருக்கு வந்து தறி ஓட்டறேங்கிறயாமா. வா சாமி, தாராளமா வா. தறிக்குடோன்லயும் நீ ஓட்டுன மீட்டர எவனாச்சும் அவங்கணக்குல எழுதிக்குவான். அப்ப எங்க போவே?

அப்புச்சிக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டுல அட்டெண்டரா இருந்து, குரோமிக் ஆசிட்டுல பிப்பெட்டக் கழுவிக் கழுவிக் கை வெந்தவன் நான். வாத்தியாருங்க என்னைய ஒரு ஆளா மதிச்சிருந்தா என்ர முன்னால வாயத் தொறந்திருக்க மாட்டாங்க. மதிக்காத புண்ணியத்துல எல்லாத்தையும் பேசுனாங்க. எவன் எவங்கிட்ட எதைச் சுட்டான்னு நான் கத்துக்கிட்டதெல்லாம் அங்கதான். பரீட்சை வெச்சிருந்தா கோல்டு மெடலே வாங்கியிருப்பேன்.

உன்ர கேஸு ஒண்ணும் புதுசில்ல. இதுக்குன்னே பேர் போன எடம் ஒண்ணு இருக்குது, ஹார்வர்டு. அங்க ராபர்ட் உட்வர்டுன்னு ஒரு பெரிய வாத்தியாரு. எப்பவும் நீலக் கோட்டு, நீல டை. காரு நிறுத்தற எடத்துக்கே பசங்க நீலப் பெயிண்டு அடிச்சு வெச்சாங்கன்னாப் பாத்துக்க. குயினைன், கொலஸ்ட்ரால், குளோரோஃபில்னு எதையும் விட்டு வெக்காமக் கட்டுன மனுசன். 1965-ல நோபல். பி12 வைட்டமினை லேபுலயே கட்டிரலாம்னு எறங்கியிருந்த சமயத்துல, ஒரு வினை இவரு நெனச்ச பக்கம் திரும்பாம எதிர்ப்பக்கம் திரும்பித் தொலைச்சுது.

அது என்ன திரும்பறதுன்னு உனக்குத் தெரியும், உங்கம்மாளுக்குத் தெரியாது. அவளுக்காகச் சொல்றன். ரெண்டு கட்டை வெரலையும் நீட்டிக்க. கார்பன் சங்கிலி ஒண்ணு வளையமா மூடும்போது ரெண்டு முனையும் இப்பிடித் திரும்பித்தான் கோத்துக்கும். நாலு எலக்ட்ரான் இருந்து சூடு பண்ணுனா ரெண்டு வெரலும் ஒரே சுத்துல திரும்பும். ஆறு இருந்தா எதிரும் புதிருமாத் திரும்பும். சூட்டுக்குப் பதிலா வெளிச்சத்த அடிச்சயின்னா ரெண்டும் தலைகீழ். ஏன் அப்பிடின்னு அதுவரைக்கும் ஒருத்தனும் முழுசா வெளக்கிச் சொல்லலை. 1964 மே மாசம் உட்வர்டு, அங்கயே இருந்த ரோல்டு ஹாஃப்மன்கிட்டப் போயிக் கேட்டாரு. அப்பப் பையனுக்கு 26 வயசு. ஆர்பிட்டல்னா எலக்ட்ரான் நடமாடற எடம்; அதைக் கம்ப்யூட்டருல கணக்குப் போடறதுல கெட்டிக்காரன். ரெண்டு பேருமாச் சேந்து 1965-ல ஒரே வருசத்துல அஞ்சு பேப்பர். சிலதுல இவரு பேரு முன்னால, சிலதுல அவரு பேரு முன்னால. உட்வர்டு–ஹாஃப்மன் விதின்னு பேராச்சு. 1979-ல உட்வர்டு செத்துப் போனாரு. 1981-ல ஹாஃப்மனுக்கும், தனியா வேற வழியில அதே சங்கதியப் புடிச்ச ஜப்பான்காரரு ஃபுக்குய்க்கும் நோபல். செத்தவருக்கு நோபல் தர மாட்டாங்க.

கதை அதோட முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தாங்க. 2004-ல இன்னொரு பெரிய ஆளு வாயத் தொறந்தாரு. இ.ஜே. கோரி. அதே ஹார்வர்டு, அதே டிபார்ட்மெண்டு, உட்வர்டோட சகா. யாரோடவும் பங்கு போடாம 1990-ல தனியா நோபல் வாங்குனவரு. 2004-லதான் அவருக்கு அமெரிக்கக் கெமிஸ்ட்ரி சொசைட்டி பிரீஸ்ட்லி பதக்கங் குடுத்துது. அந்த ஏற்புரையில எழுதுனாரு: 1964 மே 4-ந் தேதி, ஆர்பிட்டலோட சமச்சீரப் பாத்தா வெவரம் தெரியும்னு உட்வர்டுக்குச் சொன்னதே நாந்தான்னு.

நாப்பது வருசங் கண்ணு! நாப்பது வருசம் வயித்துக்குள்ள வெச்சிருந்தாரு மனுசன். உனக்கு ரெண்டு நாளுந் தாங்கலை.

அந்த வருசமே ஹாஃப்மன் அச்சுலயே பதில் போட்டாரு. உட்வர்டு ஒருக்காக் கூடக் கோரி பேர எங்கிட்டச் சொன்னதில்லைன்னாரு. சொன்னாரா சொல்லலையான்னு கேக்க உட்வர்டு உசுரோட இல்ல. செத்துக் கால் நூற்றாண்டாச்சு. நல்ல சாட்சியெல்லாம் எப்பவும் சுடுகாட்டுலதான் இருக்கும். கடைசியில பேசுனது ஹாஃப்மனோட லேப் நோட்டுத்தான். ஜெஃப்ரி சீமன்னு ஒரு சரித்திரக்காரரு உக்காந்து, மே 5-லிருந்து நவம்பர் 30-ந் தேதி மொதப் பேப்பரு பத்திரிகைக்குப் போயிச் சேந்த வரைக்கும், ஒவ்வொரு நாளும் என்ன நடந்துதுன்னு துருவி எழுதுனாரு. மே 4-ந் தேதிக்குத்தான் தாளில்ல.

என்ர கணக்குல கோரி புளுகற ஆளில்ல. அன்னிக்கு ஏதோ பேசித்தான் இருப்பாங்க. ஆனா நீரோட்டம் பாக்கறவன் வேப்பங்குச்சியப் புடிச்சுக்கிட்டு வந்து, இங்க தோண்டுன்னு காலால ஒரு கோடு கிழிச்சுட்டுப் போறான். பாறைய ஒடச்சு, வெடி வெச்சு, சேத்த அள்ளி, தண்ணியக் கண்ணுல காட்டறவன் வேற. நாப்பது வருசங் கழிச்சு வந்து, இது நாங் காட்டுன எடம்னு சொன்னா, காட்டுனதெல்லாஞ் சரிதானுங்க, வெட்டுனது யாருன்னுதான் ஊரு கேக்கும். அதுக்காகக் கோடு கிழிச்சவனுக்கு வெத்தலை பாக்கும் தேங்காயும் வெச்சுக் குடுக்காம வெறுங்கையோட அனுப்பறதும் மொறையில்ல.

வெத்தலை பாக்கு வெச்ச ஆளும் ஒருத்தரு இருக்கறாரு, யாரும் அவரப் பத்திப் பேசறதில்ல. ஹாலந்துல லெய்டன்ல ஹாவிங்கான்னு ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரு. வைட்டமின் டி மேல வெளிச்சத்தப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தப்ப, இதே திரும்பற கோளாறு. கூட வேலை செஞ்ச ஊஸ்டர்ஹாஃப், இது ஆர்பிட்டல் சமச்சீர் சங்கதியா இருக்கும்னாரு. ஹாவிங்கா 1961-ல பேப்பரு போட்டப்ப, இது ஊஸ்டர்ஹாஃப் சொன்ன ரோசனைன்னு அதுலயே எழுதி வெச்சுட்டாரு. மசி என்ன செலவாயிருக்கும்? ஹார்வர்டுக்காரங்களுக்கு மூணு வருசம் முந்தியே அந்த ரோசனை பேரோட ஊரோட அச்சுல கெடந்துது. அதுக்குச் சண்டையும் வல்ல, நோபலும் வல்ல.

இதுல ருசியான எடம் இனிமேத்தான் வருது. உட்வர்டு கோரியோட ரோசனைய எடுத்தாரோ இல்லையோ, அவரு ரோசனைய இன்னொருத்தன் எடுத்துட்டான்னு அவரே ஒருக்கா அழுதிருக்கறாரு. 1952-ல ஃபெரோசீனோட அமைப்பு. ரெண்டு கார்பன் வளையத்துக்கு நடுவுல இரும்பு அணு ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்குதுன்னு ஹார்வர்டுல சொன்ன பேப்பருல வில்கின்சன், ரோசன்புளூம், வைட்டிங், உட்வர்டு நாலு பேரு பேரும் இருக்குது. வில்கின்சனுக்கு அங்க நிரந்தர வேலை குடுக்காம அனுப்பிட்டாங்க. அவரு லண்டன் போயிட்டாரு. 1973-ல அவருக்கும் மியூனிக் ஃபிஷருக்கும் நோபல் வந்துது. உட்வர்டு பேரக் காணோம். ஏற்கெனவே ஒரு நோபல் வீட்டுல இருக்குதே, கம்முனு இருந்தாரா? உக்காந்து நோபல் கமிட்டிக்கே கடுதாசி எழுதுனாரு. வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க, ஆனாலும் பெரிய அநியாயம் பண்ணிப்போட்டீங்கன்னு. அந்த அமைப்பு என்ர மூளையில உதிச்சதுன்னாரு அவரு, எனக்குந்தான் உதிச்சுதுன்னாரு வில்கின்சன். ஒரே பேப்பருல கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரு இப்பிடி.

கோரி வாங்குன பதக்கம் யாரு பேருல? ஜோசஃப் பிரீஸ்ட்லி. அவரு யாருன்னு உனக்கா சொல்லணும்? 1774 ஆகஸ்ட் 1-ந் தேதி பூதக்கண்ணாடியில வெயிலக் குவிச்சு, பாதரசச் செந்தூளச் சுட்டு, மெழுகுவத்திய ஜெகஜோதியா எரிய வெக்கற ஒரு காத்தப் புடிச்சவரு. அக்டோபருல பாரிசுக்குப் போயி, லவாசியே வீட்டு விருந்துல அதையெல்லாம் வெள்ளந்தியாச் சொல்லிப்போட்டாரு. அடுத்த வருசம் லவாசியே அதே காத்தப் பத்தி அகாதமியில படிச்ச கட்டுரையில பிரீஸ்ட்லி பேரு இல்ல. சுவீடன்ல மருந்துக்கடைக்காரரு ஷீலெ இவங்களுக்கும் முந்தியே அதைப் புடிச்சு, வெவரமா லவாசியேவுக்குக் கடுதாசி வேற போட்டிருந்தாரு. அவரு புஸ்தகம் அச்சாகி வந்தது 1777-ல. அதுக்குள்ள ஊரே ஆக்சிஜனச் சுவாசிச்சு முடிச்சிருந்துது. நாயமாச் சொன்னா, புடிச்ச ரெண்டு பேருக்கும் அது இன்னதுன்னு புரியல. புரிஞ்சவரு லவாசியே ஒருத்தருதான். ஆனாக் குடுத்தவங்க பேரச் சொல்ல மட்டும் அவருக்கு நாக்குப் பொரளலை.

அந்தப் பிரீஸ்ட்லி பேருல இருக்கற பதக்கத்த வாங்கிக்கிட்டுத்தான் கோரி, என்ர ரோசனை போச்சுன்னாரு. ஹாஃப்மன் மட்டும் சும்மாவா? அதுக்கு மூணு வருசம் முந்தி, 2001-ல, கருத்தடை மாத்திரைக்கு வழி பண்ணுன கார்ல் ஜெராசியோட சேந்து ஒரு நாடகமே எழுதி மேடையேத்தியிருந்தாரு. பேரு ‘ஆக்சிஜன்’. செத்தவங்களுக்கும் ஒரு நோபல் குடுத்தா, ஆக்சிஜனுக்கு இந்த மூணு பேருல யாருக்குங்கறதுதான் கதை. எழுதி முடிச்ச மை காயறதுக்குள்ள வழக்கு அவரு வாசலுக்கே வந்துருச்சு. இதையெல்லாம் எந்தக் கூத்துக்காரனும் கட்டிச் சொல்ல முடியாது சாமி.

இனி உனக்கு வகை சொல்றன்.

உனக்குத் திருடோணும்னு ஆசை வந்தா கெகூலே வழியப் புடி. பென்சீன் வளையத்துக்கு 1865-ல பேரு வாங்குனாரு. 1890-ல பெர்லின்ல விழா எடுத்தப்ப, பாம்பு ஒண்ணு தன் வாலத் தானே கவ்வற மாதிரி கனா வந்துதுன்னாரு. வியன்னாவுல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த லோஷ்மிட் 1861-லயே ஒரு புஸ்தகத்துல பென்சீனுக்கு வட்டம் போட்டு வெச்சிருந்தாரு. நான் கெகூலேவக் குத்தஞ் சொல்லலை. கனாவுல வந்துதுன்னு சொல்லிட்டா எந்த ரெஃப்ரீயும் ரெஃபரன்ஸ் கேக்க முடியாதுங்கறன், அவ்வளவுதான்.

சண்டை போடோணும்னு தோணுச்சுன்னா ரெண்டு பேர நெனச்சுக்க. ஆர்ச்சிபால்டு கூப்பர்னு ஒரு ஸ்காட்லாந்துப் பையன். 1858-ல, கார்பன் கார்பனோடவே கை கோத்துச் சங்கிலியாப் போகும்னு எழுதி, பாரிசுல தன் வாத்தியாரு வூர்ட்ஸ்கிட்டக் குடுத்தான். அவரு அகாதமியில மெம்பரில்ல, மெம்பரு ஒருத்தரு மூலமா உள்ள போறதுக்குள்ள கெகூலே அதையே அச்சுல போட்டுட்டாரு. பையன் வாத்தியாரோட மல்லுக்கு நின்னான், லேபுலிருந்து தொரத்திட்டாங்க. ஊருக்குப் போயி மூளை கலங்கி, அம்மா வீட்டுலயே அடஞ்சு கெடந்து 1892-ல செத்தான். இன்னொருத்தன் ஆல்பர்ட் ஷாட்ஸ். ரட்கர்ஸ்ல கீழ்த்தளத்து லேபுல உக்காந்து ஸ்ட்ரெப்டோமைசினப் புடிச்ச மாணவன். 1950-ல கைடு வாக்ஸ்மன் மேல கேஸு போட்டான். ராயல்டியில பங்கும், கூடக் கண்டுபுடிச்சவன்ங்கற பேரும் கெடச்சுது. நோபல் 1952-ல வாக்ஸ்மனுக்கு மட்டும். கைடக் கோர்ட்டுக்கு இழுத்தவனுக்குப் பெரிய லேபு எதுவும் கதவத் தொறக்கல.

அப்ப என்ன பண்றது? ஒண்ணும் பெருசா வேண்டாம். எதைச் சொல்றதா இருந்தாலும் மூடுன ரூமுல கைடு காதுல ஓதாத, குரூப் மீட்டிங்ல பத்துப் பேரு முன்னால எந்திரிச்சுச் சொல்லு. ராத்திரி ரூமுக்குப் போனதும் அவருக்கு ஒரு மெயிலு தட்டு: “சார், இன்னைக்கு நான் சொன்ன யோசனைய நீங்க மெருகேத்துனதுக்கு நெம்ப நன்றி”ன்னு. பாக்கறவனுக்கு அது பணிவு. உள்ளுக்குள்ள இருக்கறது தேதி. லேப் நோட்டுல பென்சில்ல எழுதாத, பேனாவுல எழுது. அடிச்சா ஒரே கோடாப் போட்டு அடி, பக்கத்தக் கிழிக்காத. பக்கத்து டேபிள்காரன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வெய்யி. அவனுக்கும் நீ போட்டுக் குடு. இதையெல்லாம் செஞ்சாலும் எடுக்கறவன் எடுக்கத்தான் செய்வான். ஆனா உன்ர பேர மொதல்ல போட்டுட்டு எடுப்பான்.

சரி, ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காத. போன தீவாளிக்கு வந்தப்ப நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. “அப்புச்சி, எங்க லேபுக்குப் புதுசா வந்த புள்ள ஒண்ணு, அந்த சால்வெண்ட மாத்திப் பாத்தா என்னங்கண்ணான்னு கேக்குது, ஒண்ணுந் தெரியாத புள்ள”ன்னு சொல்லிச் சிரிச்சயே. இப்ப உன்ர கைடு களவாண்டுட்டாருன்னு நீ அழுவற ரோசனையும், அந்த சால்வெண்ட மாத்தற ரோசனைதானே?

என்ன கண்ணு, பேச்சக் காணோம்? போகுது, அந்தப் புள்ள பேரென்ன?

தெரியலையா? அப்பக் கவலைய உடு. கைடாகற தகுதியெல்லாம் உனக்கு வந்துருச்சு.